வெட்டிக்கொண்டு வாங்கோ

போன மாதம், மருந்தாளர் பயிற்சி முடித்துப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்டீரோயிட் மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று அரை மணித்தியாலம் பேச வேண்டுமாம். "வெளங்குற மாதிரி சொல்றதுக்கு உங்கள விட்டா ஆள் இல்ல மிஸ்" என்று ஐஸ் வைத்தார்கள். இப்போது அவர்களிடம் மூன்று மொழியிலும் லேபல் அடித்துத் தள்ளுகிற பொறி இருக்கிறது. மருந்து கொடுக்கிறவர் வாயைத் திறக்கவே தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. போய்ப் பேசினேன். அரை மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலமாக இழுபட்டது, அப்படியும் பாதிக் கதையை விழுங்கிவிட்டுத்தான் வந்தேன். விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

நான் வடக்கில் பிறந்தவள். கொழும்பில் படிப்பு, அரசாங்க நியமனம், முதல் இடம் மாத்தளை மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலை. அதன் பெயரை எழுதப் போவதில்லை. பிழை என்னுடையது, அந்தக் கட்டடத்தினுடையது அல்ல. இரண்டு வருடத்தில் ஊர்ப்பக்கம் மாற்றம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு வந்தவள், முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே நின்றுவிட்டேன். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் நான் இருந்த வாடகை வீடு எரிந்தது. சில கிழமைகள் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அதே மருந்து ஜன்னலில் நின்று மாத்திரை எண்ணினேன். வேறு வேலை எனக்குத் தெரியாது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தமிழ் விஷயத்தில் தலைக்கனம் அதைவிட நீளம். தேயிலைத் தோட்டத்துச் சனம் ஜன்னலுக்கு வந்து "மாத்துர தீந்துபோச்சுங்க" என்றால், "மாத்துர இல்லை, மாத்திரை" என்று திருத்துவேன். அப்படித் திருத்தப்பட்ட ஒரு கிழவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எப்படிச் சொன்னாலும் கசக்கத்தான மிஸ் செய்யுது" என்று சொல்லிப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் திருந்தவில்லை.

எங்கள் பிரதம மருந்தாளர் ஹனீபா சேர். உக்குவளையிலிருந்து காலை ரயிலில் வருவார். வந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டி, கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, எண்ணுகிற தட்டை வெள்ளைத் துணியால் துடைப்பார். மாத்திரையை விரலால் தொட மாட்டார். தட்டையான கத்தியால் ஐந்து ஐந்தாகத் தள்ளுவார். பழைய படிவங்களை மடித்துச் செய்த காகித உறையில் போட்டு, வாயை இரண்டு தரம் மடிப்பார். இதெல்லாம் எல்லா மருந்தாளரும் செய்கிற வேலைதான். அவருக்கென்று தனியாக ஒரு வழக்கம் இருந்தது. பொட்டலத்தை நீட்டுவார், நோயாளி ஒரு மூலையைப் பிடித்ததும் மற்ற மூலையை விடமாட்டார். எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் விரலை எடுப்பார். சில கிழவர்கள் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார்கள். சேர் அசைய மாட்டார்.

நான் ஆரம்பத்தில் இதை ஒரு விளையாட்டாகத்தான் பார்த்தேன். "நான் வடிவாய்த்தானே சேர் சொல்லுறன், பிறகேன் இந்த இழுபறி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க வடிவாத்தான் செல்றீங்க மகள்," என்றார். "அவங்களுக்கு என்ன கேட்டிச்சிண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் சொன்னதற்காக நானும் மூலையைப் பிடிக்கப் பழகினேன்.

இன்னொருவர் எங்கள் பெரிய டொக்டர், மருத்துவ நிபுணர். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த சிங்களவர். குரலை உயர்த்தியதை நான் கேட்டதே இல்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் முடித்ததும் "ஈட்ட பஸ்ஸே?" என்பார். அதற்குப் பிறகு என்ன என்று அர்த்தம். உங்களிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போகும் வரை அந்தக் கேள்வி வரும். பயிற்சி டொக்டர்மார் அதற்கே நடுங்குவார்கள். வியாழக்கிழமை மத்தியானத்தில் எங்களையும் தாதிமாரையும் உட்கார வைத்துப் பாடம் எடுப்பார். ஒரு வியாழன் பிரெட்னிசொலோன் மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தார். சின்ன வெள்ளை மாத்திரை. அதைப்போல ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பாவித்த படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பெரிய வட்டம் கீறினார், அது கலம். உள்ளே ஒரு சின்ன வட்டம், அது கரு. கருவுக்குள் மரபணுக்கள், உடம்புக்கு எதை எவ்வளவு செய்ய வேண்டும் என்கிற கட்டளைகள். மாத்திரையின் மூலக்கூறு மிகச் சிறியது, கொழுப்பில் கரையக்கூடியது. அதனால் கலத்தின் மென்சவ்வைத் தாண்டித் தானாகவே உள்ளே நுழைந்துவிடும். உள்ளே கருவுக்கு வெளியே ஒரு புரதம் காத்திருக்கிறது, ஏற்பி என்று பெயர். அதோடு வேறு துணைப் புரதங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது இருந்த இடத்தில் கிடக்கும். அந்த ஏற்பியின் நடுவில் ஒரு குழி. மூலக்கூறு அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்தால் புரதத்தின் வடிவமே மாறும். ஒட்டியிருந்தவை கழன்றுவிடும். இரண்டுமாகச் சேர்ந்து கருவுக்குள் போய், மரபணுக்களில் தமக்கான இடங்களில் பிடித்துக்கொள்ளும். சில கட்டளைகள் கூடும், சில அடங்கும். மூச்சுக்குழாயை வீங்க வைக்கிற கட்டளைகள் அடங்குவதால்தான் இழுப்பு நிற்கிறது.

"ஈட்ட பஸ்ஸே?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சின்னத் தொப்பி கீறினார். அது அதிரீனல் சுரப்பி. இந்த மருந்தைப் போன்ற ஒன்றை நம் உடம்பே அங்கே தினமும் செய்துகொள்கிறது. வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டே இருந்தால், அது மூளையில் உள்ள அதே ஏற்பியிலும் போய் உட்கார்ந்து, சுரப்பிக்குப் போகிற கட்டளையை அடக்கிவிடும். மாதக்கணக்கில் கட்டளை வராத சுரப்பி சுருங்கிப் போகும். பிறகு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு கேட்கிற நேரத்தில் கொடுக்க ஆள் இருக்காது. இரத்த அழுத்தம் விழும், சீனி விழும், ஆளும் விழுந்துவிடுவார். ஆகவே குறைப்பதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

இதையெல்லாம் நான் கொப்பியில் அழகாக எழுதி வைத்தேன். படமும் கீறினேன்.

செல்லாயி ரத்தோட்டைப் பக்கத்து மலைத்தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கடும் இழுப்பு. இரண்டு வருடத்துக்கு மேல் ஒவ்வொரு நாளும் நாலு பிரெட்னிசொலோன். முகம் உருண்டு கன்னம் பளபளத்தது. "ஊருல எல்லாம் நான் நல்லா சாப்புட்டுக் கொழுத்துட்டேன்ங்கிறாளுக மிஸ், சோத்துக்கு நான் படுற பாடு எனக்குத்தான தெரியும்" என்று சிரிப்பாள். அவளுடைய கணவன் பெருமாள் அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான், கிளினிக் நாள் ஒன்றுகூடத் தவறாமல் அவளோடு வந்து வரிசையில் நிற்பான்.

எண்பதுகளின் கடைசி அது, சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளர்ந்த காலம். மாத்தளைக்காரருக்கு அந்த வருடங்களைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. இன்றைக்குக் கடையடைப்பு என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் பஸ் ஓடாது, கடை திறக்காது. மறுநாள் ஊரடங்குச் சட்டம். தெருவில் மரம் தறித்துப் போட்டிருக்கும். வேறு என்னென்னவோவும் கிடக்கும், பார்க்காமல் நடந்து வேலைக்குப் போவோம். நோயாளிகள் வர முடியாமல் போய்விடும் என்று பயந்து, பெரிய டொக்டர் இரண்டு மாதத்துக்கான மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக். ரயில் ஓடவில்லை, ஹனீபா சேர் வரவில்லை. ஜன்னலில் நான் தனியாள். இரண்டு மணிக்கு ஊரடங்கு என்று செய்தி வந்து, சனம் வரிசையை உடைத்துக்கொண்டு நெருக்கியது. செல்லாயிக்குக் குணமாக இருந்தது. பெரிய டொக்டர் அவளுடைய மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மருந்தைக் குறைக்கத் தொடங்கலாம் என்று முடிவு செய்திருந்தார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரை மாத்திரை குறைய வேண்டும் என்று அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் சொல்லிவிடும்படி என்னிடம் அனுப்பினார். வீட்டில் இன்னும் ஒரு மாதத்துக்கான மாத்திரை அவளிடம் இருந்தது. அதனால் புதிதாகக் கொடுக்க ஒன்றும் இல்லை.

நான் அட்டையைப் பார்த்தேன். பின்னால் நாற்பது பேர். நான் சொன்னது இவ்வளவுதான்:

"டொக்டர் மருந்தை வெட்டச் சொல்லுறார். வெட்டிக்கொண்டு வாங்கோ. அடுத்த கிளினிக்கில பாப்பம்."

"சரிங்க மிஸ்," என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். பெருமாள் கும்பிட்டான். கையில் பொட்டலம் இல்லாததால் நான் பிடித்துக்கொள்ள மூலையும் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பதினைந்து பதினாறு நாள் கழித்து, காலை பத்து பத்தரை மணிக்கு, பெருமாள் மருந்து ஜன்னலில் வந்து நின்றான். வரிசையைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தது எனக்கு ஆச்சரியம். கண் சிவந்து கிடந்தது.

"மிஸ், கொஞ்சம் வார்டுக்கு வந்து சொல்லுங்க மிஸ். அவ விழுந்துட்டா. டொக்டரய்யா சிங்களத்துல என்னமோ கேக்குறாரு, பொலிஸ கூப்புடச் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

ஹனீபா சேர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஓடினேன்.

செல்லாயி கட்டிலில் வெளுத்துப்போய்க் கிடந்தாள். இரண்டு நாளாகச் சளிக் காய்ச்சலாம். அன்று காலை மலையில் கொழுந்துக் கூடையோடு சரிந்திருக்கிறாள். வாந்தி, வயிற்றுவலி, பிறகு பேச்சில்லை. தோட்டத்து லொறியில் தூக்கிப் போட்டு, வழியில் இரண்டு இடத்தில் மரத்தைப் புரட்டிவிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. இரத்த அழுத்தம் ஏறவில்லை. அன்று வார்டில் கடமையில் இருந்தவர் புதிதாக வந்த சின்ன டொக்டர். கெட்ட ஆளில்லை, பயந்துபோயிருந்தார். தோட்டத்துப் பெண், திடீர் வாந்தி, மயக்கம் என்றால் அந்த நாளில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான். பூச்சிமருந்து.

"மொனவாத பிவ்வே?" என்று பெருமாளிடம் கத்திக்கொண்டிருந்தார். என்ன குடித்தாள் என்று. வயிற்றைக் கழுவக் குழாய் தயாராக இருந்தது. வார்டு வாசலில் துவக்கோடு நின்ற பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் ஆம்பிளையைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால் எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது.

நான் நடுவில் நின்று மாறி மாறிச் சொன்னேன். சண்டை பிடித்தீர்களா? இல்லீங்க. வீட்டில் மருந்துப் போத்தல் இருக்கிறதா? இல்லீங்க. வேறு வருத்தம்?

"இழுப்பு ஒண்ணுதாங்க மிஸ். அதுவும் நல்லாயிருச்சே. மாத்துரயெல்லாந்தான் வெட்டிட்டோமே."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"வெட்டினதெண்டா?"

"போன கிளினிக்கோட முழுசா வெட்டியாச்சுங்க. மிச்சம் அப்படியே டப்பாவுல இருக்கு."

இதை நான் உடனே மொழிபெயர்த்திருக்க வேண்டும். மொழிபெயர்க்கவில்லை. சின்ன டொக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், செல்லாயியின் உதடு காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, வாய் மட்டும் திறக்கவில்லை. வேலை போகும் என்று நினைத்தேன். தமிழச்சி ஒருத்தி பிழையாகச் சொல்லி ஆளைக் கொன்றாள் என்று பேச்சு வரும் என்று நினைத்தேன். எரிந்த வீடு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நிமிடமோ அரை நிமிடமோ, எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு மனுசி சாகக் கிடக்கிறபோது நான் என்னைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு சிங்களத்தில் சொன்னேன். "இவள் இரண்டு வருடமாக பிரெட்னிசொலோன் எடுத்தவள். இரண்டு கிழமைக்கு முன் முழுவதும் நிறுத்திவிட்டாள்."

சின்ன டொக்டர் குழாயைக் கீழே போட்டார். "ஹைட்ரோகோர்ட்டிசோன் இருக்கா?" என்று கேட்டபோது நான் வாசலைத் தாண்டியிருந்தேன். ஹனீபா சேர் அலுமாரிச் சாவியைக் கையில் தந்தார். அலுமாரியில் அந்த ஸ்டீரோயிட் ஊசியின் சில குப்பிகள்தான் இருந்தன, கொழும்பு லொறி வந்து நாளாகியிருந்தது. இருந்ததை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

ஊசி ஏறியது. குளுக்கோஸும் ஏறியது. அப்போதுதான் சின்ன டொக்டர் மூச்சு விட்டு, பெருமாளைப் பார்த்து, மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். கேள்வியை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

பெருமாள் என்னைப் பார்த்தான். பிறகு டொக்டரைப் பார்த்தான்.

"யாரும் சொல்லலீங்க. நாங்களாத்தான் வெட்டுனோம்."

மறந்துவிட்டான் என்று நினைத்தேன். அல்லது கேள்வி விளங்கவில்லை என்று. அதை ஒரு சொல் பிசகாமல் சிங்களத்தில் சொன்னேன். நான் செய்ததிலேயே ஆகத் திருத்தமான மொழிபெயர்ப்பு அதுதான். நோயாளி தானாகவே மருந்தை நிறுத்தியதாகக் கட்டில் டிக்கட்டில், அதாவது அவளுடைய வார்டுக் குறிப்பேட்டில், எழுதப்பட்டது. பொலிஸ்காரர் தன் இடத்துக்குப் போனார்.

"எவ்வளவு நேரமாகும் மிஸ்?" என்றான் பெருமாள். அவனுக்கு என்ன சொல்வது? சீனி ஏறியதும் அவளுடைய கண் இமை கொஞ்சம் அசைந்தது. ஆனால் ஊசி மருந்து இரத்தத்தில் கலந்தவுடன் எல்லாம் நடந்துவிடாது. மூலக்கூறு கலத்துக்குள் போக வேண்டும், ஏற்பியின் குழிக்குள் உட்கார வேண்டும், இரண்டும் கருவுக்குள் போக வேண்டும், கட்டளை எழுதப்பட வேண்டும், எழுதியபடி புதுப் புரதம் உண்டாக வேண்டும். கொப்பியில் அழகாக எழுதி வைத்த அத்தனை படியையும் நான் அந்தக் கட்டிலருகில் நின்று ஒவ்வொன்றாகக் கும்பிட்டேன். "பின்னேரமாகும்" என்று சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு அழுத்தம் அப்படியே. ஒரு மணிக்குக் கொஞ்சம். ஜன்னலுக்கும் வார்டுக்குமாக நடந்தேன். ஹனீபா சேர் என் வேலையையும் சேர்த்துச் செய்தார். மூன்றரைக்கு நான் போனபோது செல்லாயி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "சாயத்தண்ணி கெடைக்குமா மிஸ்?" என்றாள். நான் தாதியின் அறைக்குள் போய், தேத்தண்ணி ஊற்றத் தெரியாதவள் மாதிரி கேத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை ஹனீபா சேர் தொப்பியை ஆணியில் மாட்டியதும் நடந்ததைச் சொன்னேன்.

"என்ன வார்த்த சென்னீங்க? அத அப்பிடியே செல்லுங்க மகள்."

சொன்னேன். அவர் கத்தியால் ஐந்து மாத்திரையைத் தள்ளினார். இன்னும் ஐந்தைத் தள்ளினார்.

"வெட்டுறதுண்டா தோட்டத்துல என்னண்டு தெரியுமா? செக்ரோல்ல, அந்த வேலையாள் பேர்ப் புத்தகத்துல, பேர வெட்டுறது. பேர வெட்டினா ஆள் முடிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா வெட்டுறண்டு ஒண்டு இல்ல. அடுத்தது, 'வெட்டிக்கொண்டு வாங்கோ'ண்டா உங்கட ஊர்ல வெட்டி வெட்டி வாறது. இங்க உள்ளவங்களுக்கு வெட்டிப் போட்டு, பொறகு வாங்கண்டு தான் வெளங்கும். கையிலயும் நீங்க ஒண்டும் குடுக்கல்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "டொக்டர்ட்ட சென்னீங்களா?"

"இல்லை சேர்."

அவர் தட்டுக்குக் குனிந்தார். எண்ணிக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் தாங்க முடியாமல் நான் எழும்பிப் பெரிய டொக்டரின் அறைக்குப் போனேன்.

நின்றபடி சொன்னேன். "ஈட்ட பஸ்ஸே?" என்றார். வரிசை நீளமாக இருந்தது என்றேன். "ஈட்ட பஸ்ஸே?" திருப்பிச் சொல்ல வைக்கவில்லை என்றேன். "ஈட்ட பஸ்ஸே?" வார்டில் நின்றபோது தெரிந்தும் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. டிக்கட்டை வரவழைத்து, நோயாளி தானாக நிறுத்தியதாக இருந்த வரியைக் கீறிவிட்டு, குறைக்கும் முறை பிழையாக எடுத்துச் சொல்லப்பட்டது என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொல்லிக் கோப்பில் வைத்தார். பிறகு, "நான் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் வாசிப்பாள் என்றா எழுதினேன்?" என்றார். கோபம் என் மேலா தன் மேலா என்று தெரியவில்லை. போய் அவளுக்கு எல்லாவற்றையும் படம் கீறி விளங்கப்படுத்து என்று அனுப்பினார்.

போனேன். படிவத்தின் பின்பக்கத்தில் பெரிய வட்டம், சின்ன வட்டம். ஏற்பி, கரு, கட்டளை, சுரப்பி என்று என் செந்தமிழில் தொடங்கினேன். செல்லாயி தலையணையில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள்.

"மிஸ், நீங்க சொல்றது பெரட்டு மாதிரியா?"

காலையில் தோட்டத்தில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்பார்கள்.

"சொல்லு" என்றேன்.

"இந்தச் சின்ன வட்டந்தான் பெரட்டுக்களம். மாத்துர ஒரு கணக்கப்புள்ளையக் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வருது. அவரு சில பேரக் கூப்புடுறாரு, சில பேர விடுறாரு. அந்தத் தொப்பி மாதிரி வரஞ்சீங்களே, அதோட பேர ரெண்டு வருஷமாக் கூப்புடவே இல்ல. அப்ப அவன் எங்க நிப்பான்? படுத்துருவான். திடீர்னு ஒருநாளு வாடா, மலையேறுன்னா வருவானா மிஸ்?"

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்ப அவனுக்கு மொதல்ல அரப்பேர் போடுங்க," என்றாள். அரைநாள் வேலை, அரைநாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். "அரப்பேர், அரப்பேரா ஏத்துங்க. மாத்துரய அர அரயா எறக்குங்க. அதத்தான டொக்டர் சொல்லியிருக்காரு?"

அதேதான். கொஞ்ச நாள் பழையபடி நாலு மாத்திரை, பிறகு முதல் திட்டத்தைவிட மெதுவாக, அரை அரையாக ஏழெட்டு மாதம் எடுத்து இறக்கினோம். அவள் இரண்டாம் முறை விழவில்லை. அதற்குப் பிறகு ஸ்டீரோயிட் குறைக்கிற தோட்டத்து நோயாளி யாராக இருந்தாலும் முழுப்பேர், அரைப்பேர் என்றுதான் சொன்னேன். ஒருவரும் பிழைவிடவில்லை. மாத்துர என்று சொன்னவர்களைத் திருத்துவதையும் அன்றோடு விட்டேன். கொடுக்க மருந்து இல்லாத நாளில்கூட, வெறும் காகிதத்தை மடித்து நீட்டி, மூலையைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்லச் சொல்வேன். புதிதாக வந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் செல்லாயியிடமும் பெருமாளிடமும் பிழை என்னுடையது என்று நான் சொல்லவில்லை. படம் கீறியபோது சொல்லியிருக்கலாம். அடுத்த கிளினிக்கில் சொல்லியிருக்கலாம். அவள் வீட்டுக்குத் திரும்பிய மாதமே பெருமாள் மிளகும் கராம்பும் ஒரு துணியில் முடிந்துகொண்டுவந்து, "மிஸ்தான் காப்பாத்துனீங்க" என்று தந்தான். வாங்கிக்கொண்டேன். பெரிய டொக்டரிடம் சொல்ல முடிந்தது இவர்களிடம் முடியவில்லை. ஹனீபா சேர் ஓய்வு பெற்றார், பெரிய டொக்டர் மாற்றமாகிப் போனார், ரயில் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. பெருமாளும் இறந்து போனான். நான் சொல்லாமலே இருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் செல்லாயி வந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. அன்று அவளுக்கு நெஞ்சுச் சளிக்குச் சில நாள் மாத்திரை மட்டும். மூலையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"செல்லாயி, அண்டைக்கு நீ மலையில விழுந்தது என்னால. நான் சொன்ன விதம் பிழை. உனக்கு இவ்வளவு காலமும் சொல்லேல்லை."

"தெரியுமே மிஸ்," என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"அப்பவே தெரியும். யாரு நிப்பாட்டச் சொன்னான்னு சின்ன டொக்டர் கேக்கயில, எங்க வீட்டுக்காரரு ஒங்க மொகத்தப் பாத்தாராம். பேயறஞ்ச மாதிரி நின்னீங்களாம். வாயில வந்தத முழுங்கிட்டாரு. வீட்டுக்கு வந்ததும் நான்தான் கத்துனேன், செத்துப் பொழச்சு வந்திருக்கேன், பொலிஸ் வேற நின்னிருக்கு, ஏன்யா உள்ளதச் சொல்லலன்னு. 'சொன்னா மிஸ் பேர வெட்டிருவாங்க புள்ள. அப்பறம் அந்த ஜன்னல்ல நம்ம பேச்சக் கேக்க யாரு இருக்கா?'ன்னாரு."

என் கண் நிறைந்து எதிரில் நின்றவள் தெரியவில்லை. பெருமாள் உயிரோடு இருந்திருந்தால் ஜன்னலைத் தாண்டிப் போய் அவன் காலைத் தொட்டிருப்பேன். பின்னால் வரிசை நின்றது. பொட்டலத்தின் ஒரு மூலை அவள் கையில், மற்ற மூலை என் கையில்.

"விடுங்க மிஸ்," என்றாள் செல்லாயி. "காலைல ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு, சாப்புட்டுட்டு. அஞ்சு நாளைக்கு. சரியாச் சொல்லிட்டேனா?"